சான்றிதழ் வேறு, கிரெடிட் வேறு: பெனர் கட்டுமுன் கடிதத்தைக் காட்டுங்கள்





பதிவு கொஞ்சம் நீளம். உயர்தரம் எழுதிவிட்டு அடுத்து என்ன என்று யோசித்துக்கொண்டிருக்கும் பிள்ளை உங்கள் வீட்டில் இருந்தால் தயவுசெய்து கடைசி வரை வாசியுங்கள். பிடிக்காவிட்டால் திட்டுங்கள், ஆனால் வாசித்துவிட்டுத் திட்டுங்கள்.

கடந்த வாரம் ஒரு தனியார் கல்வி நிறுவனத்திலிருந்து இரண்டு பேர் பாடசாலைக்கு வந்தார்கள். காலைக் கூட்டத்தில் பத்து நிமிடம் பேச அனுமதி கேட்டார்கள். கையில் பளபளக்கும் நோட்டீஸ். "6 மாத ஒன்லைன் கோர்ஸ். தினமும் 1 மணித்தியாலம் போதும். 60 கிரெடிட். நேரடியாகக் கம்பியூட்டர் டிகிரியின் 2ஆம் வருடம்."

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். "இந்த 60 கிரெடிட்டையும் எந்தப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொள்கிறது? அந்தப் பல்கலைக்கழகம் தந்த கடிதத்தைக் காட்டுங்கள்."

கடிதம் இல்லை. "பார்ட்னர் கெம்பஸ் நிறைய இருக்கு சேர்" என்றார்கள். பெயர் கேட்டேன். "அது பிள்ளை முடிச்ச பிறகு தெரிவு செய்யலாம் சேர்" என்றார்கள். அதிபரிடம் விடயத்தைச் சொன்னேன். அனுமதி கொடுக்கவில்லை.

அன்று மஃரிபுக்குப் பிறகு ஊர் வட்ஸ்அப் குழுமங்களில் என் பெயர்தான். "சேர்மாருக்குப் பிள்ளைகள் முன்னேறுவது பிடிக்காது." "உலகமே ஒன்லைன்ல போகுது, இவர் இன்னும் வெண்கட்டியோட நிற்கிறார்." "தன்ட டியூஷன் வகுப்பு குறைஞ்சிடும் என்ற பயம்." நான் டியூஷன் எடுப்பதில்லை என்பது ஊருக்கே தெரியும். மற்ற இரண்டுக்கும்தான் இந்தப் பதில்.

முதலில் என் குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் இதேபோல் வேறு ஒரு நிறுவனம் வந்தபோது நான் மறுக்கவில்லை. பிள்ளைகளுக்கு நல்லது என்று நினைத்து, அவர்களுடைய நோட்டீஸை என் கையாலேயே உயர்தர வகுப்பில் பங்கிட்டேன். கடிதம் கேட்கத் தோன்றவில்லை.

அந்த வகுப்பில் ஒரு பிள்ளை. கணக்கில் கெட்டிக்காரன். இசட் புள்ளி கொஞ்சத்தில் தவறிப்போனது. வாப்பா முச்சக்கரவண்டி ஓட்டுகிறார். உம்மாவின் காப்பு அடகுக்குப் போனது. மொத்தம் 285,000 ரூபா. 14 மாதம் ராப்பகலாகப் படித்தான். 11 சான்றிதழ்கள் கிடைத்தன. கடைசியில் "இனி நீங்களே கெம்பஸுக்கு அப்ளை பண்ணுங்க" என்று நிறுவனம் கைகழுவிவிட்டது.

இரவு பஸ்ஸில் கொழும்புக்குப் போனான். பல்கலைக்கழக அலுவலகத்தில் இருந்தவர் மரியாதையாகத்தான் பேசினாராம். மூன்று விடயங்கள் கேட்டிருக்கிறார். புள்ளிகளோடு கூடிய ட்ரான்ஸ்கிரிப்ட் இருக்கிறதா? ஒவ்வொரு கோர்ஸின் பாடத்திட்டமும் மணித்தியாலக் கணக்கும் இருக்கிறதா? பரீட்சையை யார் மேற்பார்வை செய்தார்கள்? மூன்றுக்கும் அவனிடம் பதில் இல்லை. 11 சான்றிதழுக்கும் கிடைத்த கிரெடிட் பூச்சியம்.

திரும்பி வந்து என் வீட்டுக்குத்தான் வந்தான். கோபப்படவில்லை. "சேர், நீங்க தந்த நோட்டீஸ்தானே, அதான் வாப்பா நம்பினார்" என்றான். அந்த வார்த்தையை நான் இன்னும் சுமந்துகொண்டிருக்கிறேன். அதனால்தான் இம்முறை மறுத்தேன்.

சரி, கிரெடிட் என்றால் என்ன? இதை ஊரில் யாரும் விளக்குவதில்லை. விளங்காத வரைக்கும்தான் வியாபாரம் நடக்கும்.

கிரெடிட் என்பது ஒரு பிள்ளை ஒரு பாடத்துக்குச் செலவழிக்க வேண்டிய உழைப்பின் அளவு. நமது நாட்டில் இதற்கு ஒரு சட்டகம் இருக்கிறது. எஸ்.எல்.கியூ.எஃப். என்று சொல்வார்கள். 2012 இல் வந்தது. அதன்படி 1 கிரெடிட் என்பது விரிவுரை, செய்முறை, சொந்தப் படிப்பு எல்லாம் சேர்த்து 50 மணித்தியாலம். ஒரு முழு வருடப் படிப்பு 30 கிரெடிட், அதாவது 1500 மணித்தியாலம். மூன்று வருடப் பட்டத்துக்கு 90 கிரெடிட். நான்கு வருட சிறப்புப் பட்டத்துக்கு 120.

பிரித்தானியாவில் கணக்கு வேறு. அங்கே 1 கிரெடிட் 10 மணித்தியாலம், வருடத்துக்கு 120, மூன்று வருடப் பட்டத்துக்கு 360. ஐரோப்பாவில் வருடத்துக்கு 60. அமெரிக்காவில் நான்கு வருடப் பட்டம் முழுவதற்கும் ஏறத்தாழ 120.

நம் ஊரில் பாதி வீடுகளில் வளைகுடாவில் உழைத்த ஒருவராவது இருக்கிறார். அவர்களுக்கு இது சட்டென்று விளங்கும். ஒருவர் வந்து "மாதச் சம்பளம் 100" என்றால் நீங்கள் முதலில் என்ன கேட்பீர்கள்? 100 என்ன? குவைத் தினாரா, சவூதி ரியாலா, இலங்கை ரூபாவா? கிரெடிட்டும் அப்படித்தான். "60 கிரெடிட்" என்று மட்டும் சொன்னால் அது ஒன்றும் சொல்லாததற்குச் சமம்.

இப்போது அந்த நோட்டீஸை நாமே கணக்குப் பார்ப்போம். இலங்கைக் கணக்கில் 60 கிரெடிட் என்றால் 3000 மணித்தியாலம், இரண்டு வருடப் படிப்பு. அதை 6 மாதத்தில் முடிக்க ஒரு நாளைக்கு 16 மணித்தியாலத்துக்கு மேல் படிக்க வேண்டும். பிரித்தானியக் கணக்கில் 60 என்பது அரை வருடம்தான், அதை வைத்து 2ஆம் வருடத்துக்குப் போக முடியாது. ஐரோப்பியக் கணக்கில் சரியாக ஒரு வருடம். ஆனால் அதற்குக் குறைந்தது 1500 மணித்தியாலம் வேண்டும், நாளுக்கு 8 மணித்தியாலத்துக்கு மேல். அமெரிக்கக் கணக்கில் பட்டத்தின் பாதி. நோட்டீஸிலோ "தினமும் 1 மணித்தியாலம் போதும்" என்று இருக்கிறது. 6 மாதத்துக்கு 180 மணித்தியாலம். நம் நாட்டுக் கணக்கில் அது 4 கிரெடிட்கூட இல்லை. எந்த நாட்டுக் கணக்கிலும் பொருந்தாத ஓர் எண்ணை அச்சடித்து வந்திருக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளை போடக்கூடிய இந்தக் கணக்கைப் போடாமல் நாம் பெனர் கட்ட இடம் கொடுக்கிறோம்.

அடுத்தது இதைவிட முக்கியம். கிரெடிட்டை யார் கொடுப்பது?

கோர்ஸ் நடத்துகிறவர் கொடுப்பதில்லை. பட்டம் கொடுக்கிற பல்கலைக்கழகம்தான் கொடுக்கும். நீங்கள் எங்கே படித்தீர்கள் என்பது இரண்டாவது. நீங்கள் சேரப்போகும் இடம் "இதை நான் இந்தப் பாடத்துக்குப் பதிலாக ஏற்கிறேன்" என்று எழுதினால்தான் அது கிரெடிட். அதுவரை அது ஒரு சான்றிதழ்.

"கூகுள் சான்றிதழுக்கே மதிப்பில்லையா சேர்?" என்று ஒரு தம்பி கேட்டிருந்தார். நல்ல கேள்வி. மதிப்பு இருக்கிறது, ஆனால் எவ்வளவு என்று பாருங்கள். கோர்செரா தளத்தில் உள்ள கூகுளின் ஐ.டி. சப்போர்ட் சான்றிதழுக்கு அமெரிக்கக் கல்விச் சபை கிரெடிட் சிபாரிசு செய்திருக்கிறது. சிபாரிசுதான், கட்டளை அல்ல. அதை ஏற்பதா இல்லையா என்பதை அங்கேயே ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியாகத் தீர்மானிக்கிறது. லண்டன் பல்கலைக்கழகம் 2019 இல் கோர்செரா வழியாகக் கம்பியூட்டர் பட்டம் தொடங்கியது. அதே கூகுள் சான்றிதழை வைத்து அங்கே ஓர் அறிமுகப் பாடத்துக்கு விலக்குக் கேட்கலாம் என்று அறிவித்தார்கள். ஒரு பாடம். 360 இல் 15 கிரெடிட். பட்டத்தின் 24 இல் ஒரு பங்கு. உலகத்தின் மிகப் பெரிய கம்பனி ஒன்றின் சான்றிதழுக்கே இவ்வளவுதான் என்றால், நம் ஊர்ச் சந்தியில் மாடிக்கட்டிடத்தில் அச்சடிக்கிற சான்றிதழுக்கு ஒரு முழு வருடம் எப்படிக் கழியும்?

இன்னொரு நுணுக்கமும் இருக்கிறது. சில இடங்களில் கிரெடிட்டை ஏற்பார்கள், ஆனால் "தெரிவுப் பாடம்" என்ற கணக்கில் போட்டுவிடுவார்கள். எண்ணிக்கை கூடும், கட்டாயப் பாடம் கழியாது. கம்பியூட்டர் பட்டத்தின் கழுத்தைப் பிடிக்கிற பாடங்கள் கணிதம், அல்கொரிதம், டேட்டா ஸ்ட்ரக்சர், ஒப்பரேட்டிங் சிஸ்டம் போன்றவை. வெப் டிசைன், கிராபிக்ஸ், அடிப்படை பைத்தன் சான்றிதழ் எத்தனை வைத்திருந்தாலும் இவை கழியாது. "எத்தனை கிரெடிட்" என்று கேட்டால் போதாது. "எந்தப் பாடத்துக்குப் பதிலாக" என்றும் கேட்க வேண்டும்.

நான் ஒன்லைன் படிப்புக்கு எதிரி என்று சொல்கிறவர்களுக்கு: இல்லை. ஹார்வர்டின் சி.எஸ்.50 கோர்ஸை ஒரு சதம்கூடக் கட்டாமல் வீட்டிலிருந்து படித்து, வேலைகளை ஒழுங்காக முடித்தால் அவர்களுடைய இலவசச் சான்றிதழும் எடுக்கலாம். நம் மொறட்டுவைப் பல்கலைக்கழகமே புரோகிராமிங், வெப் டிவலப்மன்ட் கோர்ஸ்களை இலவசமாக ஒன்லைனில் திறந்து வைத்திருக்கிறது. என் மாணவர்களுக்கு நானே இவற்றைச் சொல்லிக்கொண்டிருக்கிறேன். என் கோபம் இலவசமாகக் கிடைக்கிற படிப்பைக் காசுக்கு விற்பதிலும், இல்லாத கிரெடிட்டை அதன் மேல் ஒட்டுவதிலும்தான். அந்தப் பிள்ளையின் 11 சான்றிதழில் 4 சான்றிதழ் யாரும் இலவசமாக எடுக்கக்கூடிய கோர்ஸ்களுக்கு உரியவை. அதற்கும் சேர்த்துத்தான் காப்பு அடகுக்குப் போனது.

ஒன்லைன் கோர்ஸை முறையாகப் பட்டத்தோடு சேர்க்கவும் முடியும். பக்கத்து நாட்டைப் பாருங்கள். இந்தியாவில் ஸ்வயம் என்ற அரச ஒன்லைன் தளத்தின் கோர்ஸ்களிலிருந்து 20 வீதம் வரை பட்டத்துக்குக் கிரெடிட் எடுக்கலாம் என்று அங்குள்ள பல்கலைக்கழக மானியக் குழு 2016 இல் விதி செய்தது. 2021 இல் அதை 40 வீதமாக உயர்த்தியது. ஆனால் அங்கே பிள்ளை மேற்பார்வையுள்ள பரீட்சை எழுத வேண்டும். எந்தக் கோர்ஸ் ஏற்கப்படும் என்பதைப் பிள்ளை படிக்கும் பல்கலைக்கழகமே முன்கூட்டித் தீர்மானிக்க வேண்டும். அதாவது முதலில் பல்கலைக்கழகம், பிறகு கோர்ஸ். நம் ஊரில் தலைகீழ். முதலில் காசு, பிறகு கோர்ஸ், கடைசியில் "பல்கலைக்கழகத்தை நீங்களே தேடுங்க".

"அவங்க அரசாங்கத்தில பதிந்த நிறுவனம்" என்று இன்னொருவர் எழுதியிருந்தார். பதிவு என்றால் எந்தப் பதிவு? கம்பனிப் பதிவு ஒரு பலசரக்குக் கடைக்கும் கிடைக்கும். மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழுவின் பதிவு தொழிற்பயிற்சி நடத்துவதற்கு. நல்ல பதிவுதான், ஆனால் அது பட்டம் கொடுக்கும் அதிகாரம் அல்ல. தனியார் நிறுவனம் ஒன்று சொந்தமாகப் பட்டம் கொடுக்க வேண்டுமானால் 1978ஆம் ஆண்டின் 16ஆம் இலக்கப் பல்கலைக்கழகச் சட்டத்தின் 25ஏ பிரிவின் கீழ் அங்கீகாரம் பெற்றிருக்க வேண்டும். வெளிநாட்டுப் பட்டம் என்றால் அந்தப் பல்கலைக்கழகத்தை நம் நாடு ஏற்கிறதா என்று பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவிடம் கேட்கலாம். பணம் கட்டுமுன் கேட்க வேண்டும், கட்டிய பிறகல்ல.

நியாயமாக நடக்கிற தனியார் நிறுவனங்களும் இருக்கின்றன. வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தோடு உண்மையான ஒப்பந்தம் வைத்திருக்கிறவர்கள். அவர்களிடம் கடிதம் கேட்டால் முகம் சுளிக்க மாட்டார்கள், எடுத்து மேசையில் வைப்பார்கள். கேட்டதும் கோபப்படுகிறவரிடம்தான் கடிதம் இல்லை.

ஒரு விடயத்தைக் கவலையோடு சொல்கிறேன். இந்த வியாபாரத்தில் அதிகம் குறிவைக்கப்படுவது நம் பெண் பிள்ளைகள். "மகளை வெளியூர் அனுப்பத் தேவையில்லை, வீட்டிலிருந்தே டிகிரி" என்ற ஒரு வரி போதும், பெற்றோர் கையெழுத்துப் போட்டுவிடுகிறார்கள். ஆண் பிள்ளையாவது கொழும்புக்குப் போய் விசாரிக்கிறான். பெண் பிள்ளைக்குக் கிரெடிட் பூச்சியம் என்று தெரியவரும்போது மூன்று வருடம் போயிருக்கும், கல்யாணப் பேச்சு வந்திருக்கும். பிறகு அவள் படிப்பைப் பற்றி யார் பேசப்போகிறார்?

"அப்ப ஏழைப் பிள்ளைக்கு வேறு வழி என்ன சேர்?" வழி இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தின் கம்பியூட்டர் பாடசாலை 2000ஆம் ஆண்டிலிருந்து வெளிவாரி பி.ஐ.டி. பட்டம் நடத்துகிறது. வீட்டிலிருந்தே படிக்கலாம், பரீட்சையில் சித்தியடைந்தால் போதும். முதல் வருடத்தோடு நின்றால் டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு நின்றால் உயர் டிப்ளோமா, மூன்றையும் முடித்தால் பட்டம். மொறட்டுவையும் வெளிவாரி பி.ஐ.டி. நடத்துகிறது. திறந்த பல்கலைக்கழகம் இருக்கிறது. அரச உயர் தொழினுட்பக் கல்வி நிறுவனங்களில் எச்.என்.டி.ஐ.டி. இருக்கிறது. என்.வி.கியூ. வழியாக மட்டம் மட்டமாக 7 வரை, அதாவது பட்ட மட்டம் வரை, ஏறும் பாதையும் இருக்கிறது. இவை எதுவும் 6 மாதத்தில் முடியாது, சுலபமும் இல்லை. ஆனால் இங்கே எடுக்கிற ஒவ்வொரு சித்தியும் உங்கள் பிள்ளையின் பெயரில் பதியப்பட்டிருக்கும்.

நான் சொன்ன அந்தப் பிள்ளை இப்போது பகலில் போன் ரிப்பேர் கடையில் வேலை செய்துகொண்டு பி.ஐ.டி. முதல் வருடம் படிக்கிறான். "புரோகிராமிங் பாடம் லேசா இருக்கு சேர், அது முந்தியே படிச்சதுதானே" என்றான். படித்த அறிவு வீணாகவில்லை, அல்ஹம்துலில்லாஹ். போனது 14 மாதமும் 285,000 ரூபாவும்தான். அவன் உம்மாவின் காப்பு இன்னும் திரும்பவில்லை.

இனி நம் பக்கத்துக்கு வருகிறேன். வியாபாரியை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. மேடை கொடுத்தவர்கள் நாம். பாடசாலை மண்டபத்தை நாம் கொடுத்தோம். ஜும்ஆ முடிந்ததும் பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தோம். சான்றிதழ் வழங்கும் விழாவில் பிரமுகர்கள் முன்வரிசையில் இருந்தார்கள், ஆசிரியர்கள் பொன்னாடை வாங்கினோம், நானும் வாங்கினேன். அந்தப் படங்கள்தான் அடுத்த வருட நோட்டீஸில் வருகின்றன. பெற்றோர் நம்பியது அந்த நிறுவனத்தை அல்ல, நம் முகங்களை. அது அமானிதம். அதை நாம் இலவசமாக விற்றுவிட்டோம்.

பல்கலைக்கழகங்களுக்கும் ஒரு வார்த்தை. கிரெடிட் மாற்றுவது பற்றிய விதிகளைத் தமிழில் ஒரு பக்கத்தில் தெளிவாகப் போட்டால் இந்த வியாபாரத்தில் பாதி தானாகவே படுத்துவிடும். நம் பெற்றோர் ஆங்கிலக் கைநூலின் பின்பக்கத்தைத் தேடிப் போக மாட்டார்கள்.

அல்குர்ஆனில் மிக நீளமான வசனம் எதைப் பற்றியது என்று நம் பிள்ளைகளுக்குத் தெரியும். சூறத்துல் பகராவில் கடன் கொடுக்கல் வாங்கலை எழுதி வைப்பது பற்றியது. அளவையில் குறைப்போரைக் கண்டித்து ஒரு தனிச் சூறாவே இருக்கிறது. இந்த இரண்டையும் ஓதுகிற சமூகம், கிரெடிட் அளவைக் கேட்காமலும் ஒரு கடிதம் எழுதி வாங்காமலும் காசு கட்டுகிறது என்றால் நாம் ஓதியது எங்கே போனது?

பணம் கட்டுமுன் இந்த ஐந்தையும் கேளுங்கள்:

1. பட்டம் கொடுக்கப்போகும் பல்கலைக்கழகத்தின் பெயர் என்ன? "பார்ட்னர்கள்" என்று சொல்ல வேண்டாம், ஒரு பெயர் சொல்லுங்கள்.

2. அந்தப் பல்கலைக்கழகம் இந்தக் கோர்ஸை ஏற்பதாக அதன் கடிதத்தாளில் எழுதித் தந்திருக்கிறதா? அந்த முகவரிக்கு நாமே எழுதிக் கேட்டால் உறுதிப்படுத்துவார்களா?

3. எத்தனை கிரெடிட், எந்த நாட்டுக் கணக்கில், எந்தெந்தப் பாடத்துக்குப் பதிலாக?

4. புள்ளிகளோடு ட்ரான்ஸ்கிரிப்ட் தருவார்களா? பரீட்சையை யார் மேற்பார்வை செய்வார்கள்?

5. கிரெடிட் கிடைக்காவிட்டால் காசு திரும்பத் தருவதாக ஒப்பந்தத்தில் எழுதியிருக்கிறதா?

பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபையிடமும் பாடசாலை அபிவிருத்திச் சங்கத்திடமும் பகிரங்கமாக ஒரு கோரிக்கை. இரண்டாம் கேள்விக்குரிய கடிதத்தைக் காட்டாத எந்த நிறுவனத்துக்கும் மண்டபமும் வேண்டாம், ஒலிபெருக்கியும் வேண்டாம், மதிலில் பெனர் கட்ட இடமும் வேண்டாம். ஸகாத் நிதியிலிருந்து கல்வி உதவி கொடுக்கும்போதும் அந்தக் கடிதத்தைக் கேளுங்கள். இதற்குச் செலவு ஒன்றும் இல்லை.

என் பங்குக்கு நானும் ஒன்று சொல்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வீட்டில் இருப்பேன், இன்ஷா அல்லாஹ். நோட்டீஸையோ ஒப்பந்தத்தையோ கொண்டுவாருங்கள். ஒன்றாக இருந்து வாசிப்போம், தேவையானால் பல்கலைக்கழகத்துக்கு ஆங்கிலத்தில் கடிதமும் எழுதித் தருகிறேன். உம்மாமார் தாராளமாக வரலாம், வீட்டில் ஆட்கள் இருப்பார்கள்.

அந்த நிறுவனத்தாரும் வரலாம். கடிதத்தோடு வந்தால் காலைக் கூட்டத்தில் அவர்களை நானே அறிமுகப்படுத்துவேன்.

அல்லாஹ் நம் பிள்ளைகளின் காலத்துக்கும் காசுக்கும் பரகத் செய்வானாக. என் கையால் ஒரு வீட்டுக்கு நேர்ந்த நட்டத்தை அவன் மன்னிப்பானாக.

வஸ்ஸலாம்.